ஊர் ஊராகப் பந்தாடப் போகிற மகன்

கேள்வி: ஐயா, நாங்கள் கனடாவில், டொரன்டோவின் ஸ்காபரோ பகுதியில் இருக்கிறோம். என் மகனுக்கு 23 வயது. பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியில் நான்கு வருடம் ஆடிக்கொண்டே கணக்கியல் பட்டமும் முடித்துவிட்டான். உயரம் 6 அடி 3 அங்குலம். இப்போது ஓர் ஏஜென்ட் மூலம் ஐரோப்பாவில் ஒரு சின்ன நகரத்துக் கழகத்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. மாதம் 1,300 யூரோ, ஒன்பது மாதம், தங்க இடமும் காரும் தருவார்களாம். அடுத்த வருடம் எங்கே என்று கேட்டால், "தெரியாது அம்மா, வேறு நாடாக இருக்கலாம்" என்று சிரிக்கிறான். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து பாங்கொக், அங்கிருந்து இங்கே என்று நாங்கள் பெட்டியோடு அலைந்தது போதாதா? என் கணவர் மூன்று வாரமாக அவனோடு பேசவில்லை. இது ஒரு தொழில்தானா? இதில் ஒருவன் எப்போது நிலைப்பான்? ஒப்பந்தத்தின் நகலை இணைத்திருக்கிறேன்.
— பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறையும், நீங்கள் இணைத்திருந்த இரண்டு பக்க ஒப்பந்தத்தை ஐந்து முறையும் படித்தேன். விளையாட்டு வீரர்களின் ஒப்பந்தங்களையும் வரிக் கணக்குகளையும் பார்ப்பதே என் பிழைப்பு என்பதால் கண் அங்கேதான் போகிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகன் போகட்டும். ஆனால் இந்தத் தாளில், இப்போது இருக்கிறபடி, கையெழுத்துப் போட வேண்டாம்.

இது ஒரு தொழில்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்படி அணி விட்டு அணி, நாடு விட்டு நாடு என்று ஆடுகிறவரை ஆங்கிலத்தில் 'ஜர்னிமேன்' என்பார்கள். பயணம் செய்கிறவர் என்றே பலரும் பொருள் கொள்கிறார்கள். உண்மையில் அது ஒரு நாள் வேலையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பழைய ஐரோப்பியக் கைத்தொழில் சங்கங்களில், தொழில் கற்று முடித்து, ஆனால் சொந்தப் பட்டறை வைக்காமல், நாட்கூலிக்கு வேலை செய்தவர்தான் ஜர்னிமேன். எங்கள் ஊர்க் கட்டட வேலையில் சித்தாள், கொத்தனார், மேஸ்திரி என்று படிகள் உண்டு. கொத்தனாரை உங்கள் பக்கம் மேசன் என்பீர்கள். ஜர்னிமேன் அந்தக் கொத்தனார். சுவர் எழுப்பத் தெரிந்தவர், வீடு அவருடையதல்ல. இந்த வீடு முடிந்தால் அடுத்த வீடு. அவரிடம் போய் "எப்போது நிலைப்பாய்?" என்று யாரும் கேட்பதில்லை. வேலை சுத்தமாக இருக்குமா, கூலி எவ்வளவு என்றுதான் கேட்கிறோம்.

நாட்கூலி என்பதை வெறும் உவமையாகச் சொல்லவில்லை. வட அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்துத் தொடரான, பணம் கொட்டும் என்.பி.ஏ.யிலேயே பத்து நாள் ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பருவத்திலும் ஜனவரி 5 முதல் அணிகள் அதைத் தரலாம். ஒரே அணி ஒரே ஆட்டக்காரருக்கு ஒரு பருவத்தில் இரண்டு முறைதான் அப்படித் தர முடியும். மூன்றாவது முறை என்றால் பருவம் முடியும்வரை வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் வழியனுப்பிவிட வேண்டும். இருபத்தோராம் நாள் காலையில் விடுதி அறையில் உட்கார்ந்து தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதனின் முகத்தைத் தொலைக்காட்சி காட்டுவதில்லை.

அங்கே இருக்கிற இடங்களையும் எண்ணிப் பாருங்கள். 30 அணிகள், அணிக்கு 15 பேர், ஆக 450. இதோடு என்.பி.ஏ.வுக்கும் அதன் கீழ்ப்படியான ஜி லீக்குக்கும் இடையே போய்வருகிறவர்களுக்கான இருவழி ஒப்பந்தம், அணிக்கு மூன்று வீதம் 90. மொத்தம் 540. உலகம் முழுவதும் பந்து தட்டுகிற அத்தனை பேருக்கும் அவ்வளவுதான் நாற்காலி. ஜி லீக்கில் மட்டும் ஆடுகிறவருக்கு அண்மை ஆண்டுகளில் பருவத்துக்குச் சுமார் 40 ஆயிரம் அமெரிக்க டாலர் கிடைத்திருக்கிறது. மேலே இருக்கிறவர் சில ஆட்டங்களில் ஈட்டுவதை இவர் ஒரு குளிர்காலம் முழுக்க ஆடி ஈட்டுகிறார்.

ஆந்த்ரே இங்கிரம் என்று ஒருவர். வாஷிங்டனில் உள்ள அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தவர். பத்து ஆண்டுகள் அந்தக் கீழ்ப்படியிலேயே ஆடினார். வீட்டுச் செலவுக்காகப் பிள்ளைகளுக்குக் கணக்கும் சொல்லிக்கொடுத்தார். 2018 ஏப்ரல் 10 அன்று, 32 வயதில், பருவத்தின் கடைசி இரண்டு ஆட்டங்களுக்கு என்.பி.ஏ.யின் லேக்கர்ஸ் அணி அவரை அழைத்தது. முதல் இரவிலேயே 19 புள்ளிகள். அரங்கம் எழுந்து நின்றது. செய்தித்தாள்கள் இந்த இடத்தோடு கதையை நிறுத்திக்கொண்டன. அதன்பின் அவர் என்.பி.ஏ.யில் ஆடியவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். திரும்பவும் ஜி லீக்குக்கே போனார். எனக்குப் பிடித்தது இந்த இரண்டாம் பகுதிதான். அந்த ஓர் இரவுக்காக அவர் பத்து ஆண்டுகள் காத்திருந்தார் என்று எழுதியவர்கள், அந்தப் பத்து ஆண்டுகளும் அவர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார் என்பதை மறந்துவிட்டார்கள்.

உங்கள் ஊர் அணியோடு தொடர்புள்ள கதை இதைவிட உங்களுக்குப் பயன்படும். மகனிடம் பி.ஜே. டக்கர் என்று சொல்லுங்கள், அவனுக்குத் தெரிந்திருக்கும். என்.பி.ஏ. அணிகள் ஆண்டுதோறும் புதிய ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கிற தேர்வில், 2006இல், டொரன்டோ ராப்டர்ஸ் அவரை 35ஆவதாக எடுத்தது. பல்கலைக்கழகத்தில் அவர் புள்ளிகளைக் குவித்த நட்சத்திரம். டொரன்டோவில் 17 ஆட்டங்கள் கிடைத்தன, 2007 மார்ச்சில் நீக்கப்பட்டார். பிறகு இஸ்ரேலில் ஹப்போயல் ஹோலோன் கழகத்துக்குப் போய் 2008இல் அந்த நாட்டுப் பட்டத்தை வென்றுகொடுத்தார். உக்ரைன், கிரேக்கம், இத்தாலி, போர்ட்டோ ரிக்கோ என்று சுற்றினார். 2012இல் ஜெர்மனியின் பாம்பெர்க் கழகத்தோடு இன்னொரு நாட்டுப் பட்டம். அதே ஆண்டு, 27 வயதில், பீனிக்ஸ் அணி வழியாக என்.பி.ஏ.வுக்குத் திரும்பினார். 2021இல் மில்வாக்கி அணியோடு என்.பி.ஏ. பட்டமும் வந்தது.

அவர் எப்படித் திரும்பினார் என்பதில்தான் தொழில் இருக்கிறது. ஐரோப்பாவில் அவர் புள்ளி எடுக்கிற ஆள். என்.பி.ஏ.யில் அந்த வேலைக்கு ஆள் குவிந்து கிடக்கிறது. ஆகவே எதிரணியின் மிகச் சிறந்தவனை மறிக்கிற வேலையை எடுத்துக்கொண்டார். தன்னைவிட உயரமானவர்களோடு முட்டினார். தாக்கும்போது ஆடுகளத்தின் மூலையில் போய் நின்று, பந்து வந்தால் மூன்று புள்ளிக்கு எறிந்தார், வராவிட்டால் முகம் சுளிக்கவில்லை. எந்தப் பயிற்சியாளரும் "எனக்கு ஒரு டக்கர் வேண்டும்" என்று சொல்கிற நிலைக்கு வந்தார். ஊர் ஊராகப் போகிறவனுக்கு இதுதான் சொத்து. "அவன் நன்றாக ஆடுவான்" என்றால் யாரும் கூப்பிட மாட்டார்கள், எல்லோரும் நன்றாகத்தான் ஆடுகிறார்கள். "அவன் இந்த ஒன்றைச் செய்வான்" என்றால் கூப்பிடுவார்கள்.

இஷ் ஸ்மித்தும் அப்படித்தான். 2010இல் எந்த அணியும் அவரைத் தேர்வில் எடுக்கவில்லை. 13 அணிகளுக்கு ஆடினார், என்.பி.ஏ.யில் அது தனிச் சாதனை. 2023இல் டென்வர் அணியில் மாற்று ஆட்டக்காரராக இருந்து பட்டமும் பெற்றார். வேகமாகப் பந்தை முன்னே கொண்டுபோகிற, இரண்டாம் வரிசையைக் கட்டி மேய்க்கிற ஆள் என்று எல்லோருக்கும் தெரியும். எனவே எவருக்குக் காயம் பட்டாலும் அவர் பெயர் நினைவுக்கு வந்தது. மறுபக்கம் ஜோ ஸ்மித் 1995 தேர்வில் முதலாவதாக எடுக்கப்பட்டவர். அவரும் 12 அணிகள் மாறியிருக்கிறார். ஆக, அலைச்சல் என்பது திறமைக் குறைவின் தண்டனை என்று உங்கள் கணவர் நினைத்தால், அப்படியில்லை என்று சொல்லுங்கள்.

இனி உங்கள் மகன் போகிற இடம். இந்தப் பெரிய பெயர்களை வைத்து அவனுடைய வாழ்க்கையைக் கணக்குப் போட வேண்டாம். கீழ்ப் பிரிவுக் கழகத்தில் அவன் 'இம்போர்ட்', அதாவது வெளிநாட்டு ஆட்டக்காரன். ஐரோப்பியக் கடவுச்சீட்டு இல்லாதவர்களுக்குப் பல நாடுகளில் இட வரம்பு உண்டு. இத்தாலியின் இரண்டாம் பிரிவில் அணிக்கு இரண்டு வெளிநாட்டவர் என்பது வழக்கம். பிலிப்பைன்ஸ் தொடரில், வெளிநாட்டவரை அனுமதிக்கிற சுற்றுகளில், அணிக்குப் பொதுவாக ஒருவர்தான். இரண்டு மூன்று ஆட்டங்கள் தோற்றால் அந்த ஒருவரைத் திருப்பி அனுப்பிவிட்டு அடுத்தவரை விமானத்தில் வரவழைப்பார்கள். இடம் குறைவு என்பதால் எதிர்பார்ப்பு பெரிது. உள்ளூர்ப் பையன் எட்டுப் புள்ளி எடுத்தால் கைதட்டுவார்கள், அவனுக்கு நகரத்தில் மாமா, சித்தப்பா, பள்ளி ஆசிரியர் எல்லோரும் உண்டு. உங்கள் மகன் எட்டுப் புள்ளி எடுத்தால் நிர்வாகி ஏஜென்டுக்குத் தொலைபேசி எடுப்பார். அணி தோற்றால் முதலில் மாற்றப்படுவது அவன்தான். இதைச் சொல்லியே அனுப்புங்கள்.

ஒப்பந்தத்துக்கு வருகிறேன். எனக்குச் சினம் மூட்டிய விஷயம் அதில் இல்லாத ஒரு வரி.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் கணக்குப் பார்க்க வந்த ஓர் இளைஞருக்குக் கழகம் நான்கு மாதச் சம்பளம் பாக்கி வைத்தது. ஒவ்வொரு வாரமும் 'அடுத்த வாரம்' என்றார்கள். விளம்பரதாரர் பணம் வரவில்லை, நகராட்சி மானியம் வரவில்லை, நிர்வாகி ஊரில் இல்லை. பருவம் முடிந்ததும் தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். அவருடைய ஒப்பந்தத்தில் தகராறு வந்தால் உள்ளூர் நீதிமன்றம் என்று எழுதியிருந்தது. மொழி தெரியாத ஊரில், விசா முடிந்த பிறகு, எந்த நீதிமன்றத்துக்குப் போவது? அந்தப் பணம் இன்றுவரை வரவில்லை. உங்கள் மகனின் ஒப்பந்தத்திலும் அதே உள்ளூர் நீதிமன்றம்தான் இருக்கிறது.

இதற்காகவே சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபா 2007இல் ஒரு நடுவர் மன்றத்தை ஏற்படுத்தியது. இத்துறையில் இருக்கிறவர்கள் பி.ஏ.டி. என்பார்கள். சட்டப்படி அதன் இருப்பிடம் ஜெனீவா; நடைமுறை மொழி ஆங்கிலம். எந்த நாட்டுச் சட்டம் என்ற இழுபறி இல்லாமல், நியாயம் எது என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்வதே அங்கே வழக்கம். பெரும்பாலும் நேரில் போக வேண்டியதில்லை, எழுத்திலேயே முடிந்துவிடும். தீர்ப்பை மதிக்காத கழகம் புதிய ஆட்டக்காரர்களைப் பதிவு செய்யாதபடி ஃபிபா தடை போட முடியும். அந்தப் பயத்தில்தான் பாதிப் பணம் வசூலாகிறது. ஆனால் ஒப்பந்தத்திலேயே அந்த மன்றத்தின் பெயர் இருந்தால்தான் அங்கே போக முடியும். அதற்கான வாசகத்தை ஃபிபாவே வெளியிட்டிருக்கிறது. ஏஜென்ட் அதை அப்படியே எடுத்து ஒட்ட வேண்டும், ஐந்து நிமிட வேலை. ஒட்ட மறுக்கிற கழகம் என்றால், அது சம்பளம் கொடுக்கிற கழகமா என்று இப்போதே தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளம் எந்தத் தேதியில் என்பதும் இல்லை. 'மாதந்தோறும்' என்று மட்டும் இருக்கிறது. தேதி வேண்டும். அந்தத் தேதிக்குப் பிறகு இத்தனை நாள் தாமதமானால் ஆட்டத்துக்கும் பயிற்சிக்கும் வராமல் இருக்கலாம், இன்னும் இத்தனை நாள் போனால் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு மீதிப் பணம் முழுவதையும் கேட்கலாம், கழகம் அவனை விடுவித்து அனுப்ப வேண்டும் என்று எழுத வேண்டும். இந்த விடுவிப்பு முக்கியம். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கழகத்துக்கு மாற, பழைய நாட்டுக் கூட்டமைப்பின் அனுமதிக் கடிதம் தேவை. அதைப் பிடித்து வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறவர்கள் உண்டு.

நான்காவது பத்தியில் 'உடல் தகுதி இழந்தால் ஒப்பந்தம் முடிவுக்கு வரும்' என்றிருக்கிறது. இந்த வரியை அடித்துவிட வேண்டும். போய்ச் சேர்ந்த ஓரிரு நாளில், முதல் பயிற்சிக்கு முன்பாக, மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். அதில் தேறிய பிறகு ஆடும்போது கணுக்கால் பிசகினாலோ முழங்கால் தசைநார் அறுந்தாலோ சிகிச்சைச் செலவும் மிச்சச் சம்பளமும் கழகத்தின் பொறுப்பு என்று இருக்க வேண்டும். இந்தத் தொழிலில் உடம்புதான் கருவி. கருவி உடைந்தால் கூலி இல்லை என்று எழுதித் தருகிறவரிடம் கொத்தனார்கூட வேலைக்குப் போக மாட்டார்.

1,300 யூரோ நிகரமா, வரிக்கு முன்பா என்று தெளிவாக இல்லை. ஐரோப்பாவில் நிகரமாகப் பேசுவதே வழக்கம், வரியைக் கழகம் கட்டும். அப்படியென்றால் கட்டியதற்கான சான்றிதழை ஆண்டு முடிவில் தருவோம் என்றும் ஒரு வரி சேர்க்கட்டும். வீடும் உறவும் கனடாவில் இருக்கும்வரை அவன் கனடாவின் வரிக் கணக்கில் இருப்பவனாகவே கருதப்பட வாய்ப்பு அதிகம். உலகில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே காட்ட வேண்டும். அங்கே வரி கட்டிய சான்று இருந்தால் கழித்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் நிகரச் சம்பளத்துக்கு இரண்டாம் முறை வரி கட்ட நேரும். கணக்கியல் படித்த பிள்ளைக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் 23 வயதில் யாரும் தன் கணக்கைத் தானே பார்ப்பதில்லை. ஒன்டாரியோ மருத்துவக் காப்புக்கு ஆண்டில் 153 நாட்கள் மாகாணத்தில் இருக்க வேண்டும் என்ற விதியையும் நினைவில் வையுங்கள். வேலைக்காக வெளியே போகிறவர்களுக்கு விலக்கு உண்டு. புறப்படுமுன் விசாரித்து எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். ஏஜென்டின் தரகு யார் கொடுப்பது என்பதையும் கேளுங்கள். ஐரோப்பாவில் பொதுவாகச் சம்பளத்தில் பத்து விழுக்காடு, அதைக் கழகம்தான் கொடுக்கும். மகனின் 1,300இலிருந்து பிடித்தால் ஏஜென்டை மாற்ற வேண்டும்.

பணம் எவ்வளவு தேறும்? ஒன்பது மாதத்துக்கு 11,700 யூரோ. வாடகையும் காரும் கழகத்துடையது என்பதால், சமைத்துச் சாப்பிட்டால் பாதி மிஞ்சலாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வருமானம் இல்லை. அந்த மூன்று மாதத்துக்கு இப்போது உங்கள் ஊரிலேயே ஒரு வழி இருக்கிறது. கனடாவின் சி.இ.பி.எல். கூடைப்பந்துத் தொடர் 2019 முதல் கோடையில்தான் நடக்கிறது. குளிர்காலத்தில் ஐரோப்பாவில் ஆடியவர்கள் கோடையில் அதில் ஆடுகிறார்கள். ஸ்காபரோ ஷூட்டிங் ஸ்டார்ஸ் அணி 2023இல் அதன் பட்டத்தை வென்றது. அந்த அணியில் இடம் எளிதில் கிடைக்காது. ஆனால் ஒரு பருவம் வெளியே ஆடிய காணொலிப் பதிவு கையில் இருந்தால் கதவைத் தட்டவாவது முடியும். கிடைத்தால், அந்த அணி ஆடுகிற பான் ஆம் அரங்கில் நீங்கள் குடும்பத்தோடு போய் உட்கார்ந்து பார்க்கலாம்.

எப்போது நிலைப்பான் என்ற கேள்விக்கு என்னிடம் தேதி இல்லை. என்னிடம் வருகிறவர்களிடம் ஒவ்வொரு பருவ முடிவிலும் ஒன்றைத்தான் கேட்பேன்: அடுத்த தாள் இந்தத் தாளைவிட எதிலாவது மேலா? பணத்தில், பிரிவில், ஆடுகிற நிமிடங்களில், ஏதாவது ஒன்றில். தொடர்ந்து இரண்டு வருடம் இல்லை என்று பதில் வந்தால் விமானம் ஏற வேண்டாம் என்பேன். உங்கள் மகனிடம் கணக்கியல் பட்டம் இருக்கிறது, அது அழுகிப்போகிற பண்டமல்ல. கீழ்ப் பிரிவில் பெரும்பாலும் வாரத்துக்கு ஓர் ஆட்டம்தான். பயிற்சி போக மீதி நாள் வெறுமையாகக் கிடக்கும். தெரியாத ஊரில், தெரியாத மொழியில், டிசம்பர் மாதத்து மாலை நேர இருட்டில், அந்த வெறுமைதான் காயத்தைவிட அதிகம் பேரை வீட்டுக்கு அனுப்புகிறது. கணக்கியல் தேர்வுக்கான புத்தகங்களைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். இங்கிரம் கணக்குச் சொல்லிக்கொடுத்ததைப் போல இவனும் மதியங்களுக்கு ஏதாவது வைத்துக்கொள்ளட்டும்.

நீங்கள் அலைந்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். 'கழகம் விமான டிக்கெட் வழங்கும்' என்றிருக்கிறது, போவதற்கு மட்டும். நீங்கள் பாங்கொக்கில் இருந்தபோது திரும்பிப் போக முடியாத பயணத்தில் இருந்தீர்கள். அவனுக்கு அப்படி ஆகக் கூடாது. இருவழி டிக்கெட், அதுவும் கழகம் நடுவில் நீக்கினாலும் திரும்பும் டிக்கெட் உண்டு என்ற வாசகத்தோடு. இதை மட்டுமாவது உங்கள் கணவர் வாயால் மகனிடம் சொல்லச் சொல்லுங்கள். குடிவரவுத் தாள்களை வரி வரியாகப் படித்து, எந்தக் கட்டத்தில் எந்தச் சொல்லைப் போட வேண்டும் என்று இரவெல்லாம் உட்கார்ந்திருப்பாரே, அந்தக் கண் இந்த வீட்டில் வேறு யாருக்கும் இல்லை. ஒப்பந்தத்தை மேசையில் விரித்து, ஒரு சிவப்புப் பேனாவோடு இருவரையும் உட்கார வையுங்கள். மூன்று வார மௌனத்தை உடைக்க அதைவிட நல்ல சாக்கு எனக்குத் தெரியவில்லை.

திருத்தங்களோடு கழகத்தின் பதில் வந்ததும் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். கையெழுத்துக்கு முன் இன்னொரு முறை பார்த்துத் தருகிறேன். பெட்டி கட்டும்போது ஒன்று. அந்த உயரத்துப் பிள்ளையின் கால் அளவுக்குச் சின்ன நகரத்துக் கடையில் காலணி கிடைப்பது அரிது. மிளகாய்த்தூள் பொட்டலங்களை அடுக்குவதற்கு முன்னால் இரண்டு ஜோடிக்கு இடம் விடுங்கள்.